தடை போட்ட அரசிடமே அங்கீகாரம் கேட்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு மேற்படிப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் கட்டணம், விசா, வங்கிக் கடன் எல்லாம் வந்திருந்தன. மதத்தின் பேரால் சொந்த நாட்டிலேயே கல்லூரி வாசலை மிதிக்க முடியாதவர்களைப் பற்றியும் எழுதியிருக்கலாம். ஈரானில் சிறுபான்மையினரான பஹாய் மதத்தவரின் பிள்ளைகளைச் சொல்கிறேன்.

பஹாய் என்றதும் நம்மில் பலருக்கு டெல்லித் தாமரைக் கோயில்தான் நினைவுக்கு வரும். அதை வடிவமைத்த ஃபரிபோர்ஸ் சாபா, தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பிறகு ஈரானில் பஹாய் என்று சொல்லிக்கொண்டு படிக்க வழியில்லை. பஹாய் என்று தெரியவந்தால் சேர்க்கையின்போதோ படிப்பின் நடுவிலோ வெளியேற்றிவிட வேண்டும் என்று 1991இல் எழுதிய அரசு ஆவணமே இருக்கிறது. நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாலும், 'உங்கள் கோப்பு முழுமையாக இல்லை' என்று பதில் வரும்.

அதற்காக அவர்கள் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. 1987இல் தாங்களே ஓர் உயர்கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வேலையைப் பறிகொடுத்த பேராசிரியர்கள் வீட்டுக் கூடங்களில் பாடம் நடத்தினார்கள். ஜெராக்ஸ் எடுத்த பாடக்குறிப்புகள் கைமாறின. 1998இல் அரசு அதிகாரிகள் 500க்கும் மேற்பட்ட வீடுகளில் சோதனை போட்டு, புத்தகம், கணினி, ஆய்வகக் கருவி என்று அள்ளிக்கொண்டு போனார்கள். 2011இல் மறுபடியும் சோதனை. ஆசிரியர்கள் சிலருக்கு நான்கைந்து ஆண்டு சிறை. பாடம் சொல்லிக் கொடுத்ததற்கு! அப்படியும் படிப்பு நிற்கவில்லை.

இந்த நிறுவனத்தில் படித்தவர்களை அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா எனப் பல இடங்களில் முதுகலைக்கும் ஆய்வுப் படிப்புக்கும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 2025 ஜூனில் அமெரிக்கா அறிவித்த தடையில் ஈரானியர்களின் மாணவர் விசாவும் அடங்கிவிட்டது. துன்புறுத்தப்படும் ஈரானியச் சிறுபான்மையினருக்கு அதில் விலக்கு உண்டு. அதுவும் நிரந்தரமாகக் குடியேறும் விசாவுக்கு மட்டும். படிக்கப் போகிறவருக்கு இல்லை.

சரி, நாம் என்ன செய்கிறோம்? பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். வெளிநாட்டுப் பட்டம் எது வந்தாலும், அந்த நிறுவனத்துக்கு அந்நாட்டு அங்கீகாரம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். வெளிநாட்டுப் பட்டம் நம் நாட்டுப் பட்டத்துக்கு இணையானது என்று சான்று வழங்க 2025இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த விதிமுறையும் அதையே கேட்கிறது. போலிகளைத் தடுக்க அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் படிக்கவே விடாத அரசிடம் போய் அங்கீகாரம் வாங்கி வா என்றால் அந்தப் பிள்ளை எங்கே போவாள்? அந்த அரசின் தடையை இங்கே நாமும் அமல்படுத்துகிறோம் என்றுதானே அர்த்தம்?

மதத்தால் கல்வி மறுக்கப்பட்டவர்களுக்கென்று விதிமுறையில் ஒரு தனிப் பிரிவு வேண்டும். பாடத்திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் துறைப் பேராசிரியர்கள் பார்க்கட்டும்; எழுத்துத் தேர்வும் நேர்காணலும் வைத்துத் தகுதி இருந்தால் சேர்த்துக்கொள்ளட்டும். நம் துணைவேந்தர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று உங்கள் இதழ் கேட்டு வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல்கலைக்கழக ஊழியர்,
திருச்சி