கிங்ஸ் சர்க்கிளில் இறங்கிய ஆலா

மாட்டுங்கா, மும்பை
ஜூலை

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலிக்குத் தைலம் போதும் என்று இருந்துவிடாதே, நல்ல டாக்டராகப் பார். இங்கே எல்லோரும் சௌக்கியம். மழைதான் விட்ட பாடில்லை.

அந்த மழையில் வந்த ஒரு விருந்தாளியைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். கிங்ஸ் சர்க்கிளில் மேம்பாலத்துக்கு அடியில் நீளமாக ஒரு தோட்டம் உண்டே, நீ வந்தபோது காலையில் நடந்தோம். அங்கே நடைபாதை ஓரத்தில் காக்கைகள் எதையோ சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு ஆலா, கடற்பறவை! மணக்குடிக் காயலில் பார்ப்போமே, அந்த ஆலா இல்லை. முதுகு நல்ல கறுப்பு, வயிறும் நெற்றியும் பளிச்சென்ற வெள்ளை, அலகிலிருந்து கண்வரை மை தீட்டியது போல ஒரு கோடு. இங்கிலீஷில் சூட்டி டெர்ன் என்கிற வகை. நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

இது நாட்டுப்பக்கம் வருகிற பறவையே இல்லை, செல்வா. லட்சத்தீவில் கவரத்திக்குச் சற்றுத் தள்ளி, ஆளில்லாத பிட்டி என்கிற சின்னத் திட்டு இருக்கிறது. அது மாதிரி இடங்களில்தான் கூட்டமாக முட்டையிடும். ஜோடிக்கு ஒரே ஒரு முட்டை. குஞ்சு பறந்து கடலுக்குப் போய்விட்டால் அப்புறம் சில ஆண்டுகளுக்குத் தரையையே தொடாது. தண்ணீரிலும் நெடுநேரம் உட்கார முடியாது, இறகு ஊறிவிடும். சூரை மீன் கூட்டம் துரத்தும்போது மேலே துள்ளுகிற சிறுமீனைப் பறந்தபடியே கொத்திக்கொள்ளும். தென்மேற்குப் பருவக்காற்று மூர்க்கமாக அடிக்கும்போது சில பறவைகள் இப்படிக் கரைக்குள் தள்ளப்பட்டு, சோர்ந்து விழுகின்றன.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் பிஸ்கட்டை நீட்டினார். இன்னொருவர் பாட்டில் தண்ணீரை அலகுக்குள் ஊற்றப் பார்த்தார். மேலே தூக்கி வீசினால் பறந்துவிடும் என்றான் ஒரு காலேஜ் பையன். எல்லாம் நல்ல மனசுதான், ஆனால் அதில் எதைச் செய்திருந்தாலும் அதன் உயிர் போயிருக்கலாம். தோட்டக்காரர் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தார். அதைப் போர்த்தி எடுத்தேன். இறக்கையை விரித்தால் 80 சென்டிமீட்டருக்கு மேல் வரும் பறவை, கையில் கனமே இல்லை. நெஞ்செலும்பு விரலில் கூர்மையாகத் தட்டுப்பட்டது. என் கட்டைவிரலை நறுக்கென்று ஒரு கொத்து கொத்தியது பார், அந்தத் தெம்பு மிச்சமிருக்கிறதே என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடினோம். இருட்டும் அமைதியும்தான் முதல் மருந்து. பறவை மீட்கும் பிள்ளைகள் வந்து வாங்கிப் போனார்கள். உலர்த்தி, மீன் ஊட்டித் தேற்றி, காற்று தணிந்ததும் கடலோரத்தில் விட்டுவிட்டதாகப் போன் செய்தார்கள்.

சரி, உனக்கு ஒரு வேலை. தூத்தூர் மீனவர்கள் சூரைக்கும் சுறாவுக்கும் லட்சத்தீவுக் கடல்வரை போகிறவர்கள். உன் கடைக்கு வருகிறவர்களிடம் கேள். எந்த மாதத்தில் இந்த ஆலாவைக் கூட்டமாகப் பார்க்கிறார்கள்? ராத்திரியில் படகில் வந்து உட்காருமா? கரையில் இருக்கிற நமக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு. படகில் சோர்ந்து விழுந்தால் பெட்டியில் மூடி வைத்து, தெளிந்ததும் விடச் சொல்.

பேரன் பரீட்சை முடிவு வந்ததும் தெரியப்படுத்து. மதினியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
கணபதி