கடைசி வரியிலிருந்து படி

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று ராத்திரி நீ போனில் அழுத குரல் இன்னும் காதிலேயே நிற்கிறது. "இவ்வளவு படிச்சும் ஏமாந்துட்டேனே" என்றாய். அந்தப் பேச்சை விடு. உனக்கு வந்த அந்தப் போலி மெயிலை நீ எடுத்து அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். 'உங்கள் கணக்கு 24 மணி நேரத்தில் முடக்கப்படும்' என்று சிவப்பு எழுத்து, கீழே ஒரு நீலப் பொத்தான். ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் யாருக்கும் கை அங்கேதான் போகும். அந்த 24 மணி நேரம்தான் தூண்டிலில் மாட்டிய புழு. யோசிக்க விடக்கூடாது என்றே போடுகிறார்கள்.

திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில் தபால் சேவையில், 28 வருஷம் கடிதம் பிரித்தவன் நான். கவரில் பேர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எங்கள் கண் முதலில் போவது கடைசி வரிக்கு, பின்கோடுக்கு. மேலே 'டெல்லி துணிக்கடை' என்று இருக்கட்டும், கீழே 612001 என்றால் அது கும்பகோணம் பையில்தான் விழும்.

இணைய முகவரியையும் அப்படியே படி. தொடக்கத்தில் வரும் இரட்டை ஸ்லாஷைத் தாண்டி, அடுத்த ஒற்றை ஸ்லாஷைத் தேடு. அதற்குச் சற்று முன்னால் இருப்பதுதான் ஊர். 'அக்கவுண்ட்ஸ் டாட் கூகுள் டாட் காம்' என்று அங்கே முடிந்தால் அது கூகுளுடையது. 'கூகுள் டாட் காம்' என்று தொடங்கி, அதற்குப் பின்னாலும் டாட் போட்டு வேறு பேரில் முடிந்தால், முன்னால் இருக்கும் கூகுள் வெறும் கடைப் பேர். போனில் லிங்க்கைத் தொட்டுத் திறக்காமல் அழுத்திப் பிடித்தால் முழு முகவரியும் தெரியும். உனக்கு வந்ததில் 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்து, படத்தைப் பெரிதாக்கிய பிறகுதான் எனக்கே பிடிபட்டது.

அதனால் கண்ணை மட்டும் நம்பாதே. 2016 மார்ச்சில் ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு, 'யாரோ உங்கள் பாஸ்வேர்டை வைத்திருக்கிறார்கள்' என்று கூகுள் பேரில் ஒரு மெயில் வந்தது. கம்ப்யூட்டர் உதவியாளர் அதை உண்மையான மெயில் என்றே பதில் எழுதிவிட்டார். போலி என்று எழுத வந்து வார்த்தை மாறிவிட்டதாகப் பின்னால் சொன்னார். பாஸ்வேர்டை மாற்றக் கூகுளின் சரியான முகவரியையும் அதே பதிலில் கொடுத்திருந்தார். ஆனால் கை போனது வந்த மெயிலில் இருந்த லிங்க்குக்கு. அந்தச் சரியான முகவரி வழியாகப் போயிருந்தால் வார்த்தை மாறியதுகூடப் பெரிதாகியிருக்காது. எச்சரிக்கை நிஜமோ பொய்யோ, நீயாக ஆப்பைத் திறந்து போய்ப் பார். நிஜம் என்றால் அங்கேயும் தெரியும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன் என்றாய், நல்லது. ஆனால் உள்ளே வந்தவன் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று. அப்புறம் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் பார். உன் மெயில் எல்லாம் அவனுக்கும் ஒரு நகல் போகும்படி வைத்துவிட்டுப் போவது இவர்களின் பழக்கம். அதே பாஸ்வேர்டை வேறு எங்கே போட்டிருக்கிறாயோ அங்கேயும் மாற்று. ஓடிபி இருக்கிறதே என்று இருந்துவிடாதே, போலிப் பக்கத்தில் அதையும் கேட்டு வாங்கி அந்த நிமிஷமே பயன்படுத்திவிடுவார்கள். பாஸ்வேர்டுக்குப் பதில் கைரேகையாலோ போன் பூட்டாலோ நுழைகிற பாஸ்கீ வைத்துக்கொள், அது போலி முகவரியில் வேலை செய்யாது.

கார்டு எண்ணையும் கொடுத்துவிட்டோமோ என்று துளி சந்தேகம் இருந்தாலும் முதலில் பேங்குக்குச் சொல்லி கார்டை நிறுத்து. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய். பணம் கை மாறுவதற்குள் சொன்னால்தான் தடுத்து வைக்க வழி உண்டு. திட்டுவேனோ என்று நினைத்து நீ மூன்று நாள் சொல்லாமல் இருந்தாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை அம்மா. எந்த நேரமானாலும் எழுப்பு.

இன்று காலை உன் அம்மாவின் மெயிலையும் திறந்து பார்த்தேன். மீட்பு எண்ணாக நீ எப்போதோ விட்டுவிட்ட பழைய சிம் நம்பர் இருக்கிறது. இன்று ராத்திரி கூப்பிடு, இரண்டு பேருமாக மாற்றிவிடலாம்.

அன்புடன்,
அப்பா