பத்தாயிரம் வாட்ஸுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே அனைவரும் நலம். அத்தைக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது எதிர்ச்சுவர் போஸ்டரைக்கூட உரக்கப் படிக்கிறார். ஆடிக் கோயில் கொடைகள் முடிந்ததும் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன், தை பிறந்துவிட்டது. நெட்டை வந்து அந்தச் செய்தியைச் சொல்லாதிருந்தால் இன்னும் தள்ளிப்போட்டிருப்பேன். முகப்பில் 10,000 வாட்ஸ் என்று பொறித்த நான்கு சேனல் (தனித்தனி வெளியீடு) ஆம்ப் ஒன்றுக்கு, ஸ்பீக்கர்களுக்குச் சக்தி தரும் பெட்டிக்கு, நீ அட்வான்ஸ் கொடுக்கப் போகிறாயாம். அடி ஒலிக்கான எட்டு பேஸ் பாக்ஸையும் இரண்டே சேனலில் அடக்கிவிட்டு, மற்ற இரண்டில் மேல் ஒலிகளுக்கான டாப் பாக்ஸ்களை ஓட்டப் போகிறாயாம். கேட்டதிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த 10,000 எத்தனை ஓமில் (பாக்ஸின் மின்தடையில்), எத்தனை சேனல்களை ஒரே நேரத்தில் ஓட்டி, எவ்வளவு நேரத்துக்கு அளந்த எண் என்று கடைக்காரரிடம் கேட்டாயா? ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரமே நீடிக்கும் துடிப்பை 2 ஓமில் அளந்து, எல்லாச் சேனல்களையும் கூட்டி எழுதினாலும் அது வாட்ஸ்தான். உன் பாக்ஸின் பின்புறத் தாளில் இருப்பது வேறு கணக்கு: 8 ஓம், தொடர்ச்சியாக 600 வாட்ஸ், ஏறி இறங்கும் இசைக்கு (புரோகிராம்) 1,200, கண நேர உச்சிக்கு (பீக்) 2,400. வாட்ஸைச் சற்று மறந்துவிட்டு வோல்ட்டில் யோசித்துப் பார். 8 ஓமில் 600 வாட்ஸ் என்பது 69 வோல்ட். 1,200 என்பது 98 வோல்ட். மேளத்தின் ஒரு அடி சிதையாமல் வெளியே வருவதற்கு ஆம்ப் 98 வோல்ட் வரை தெளிவாகத் தர வேண்டும்; ஆனால் மணிக்கணக்கில் ஓடும்போது சராசரி 69 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஆகவே ஒரு சேனலில் இரண்டு பாக்ஸை இணையாகப் போட்டால் தடை பாதியாகி, 4 ஓமில் 2,400 வாட்ஸை உண்மையாகத் தரும் ஆம்ப் வேண்டும்; நான்கு போட்டால் 2 ஓமில் 4,800 வேண்டும்.

அந்த 2 ஓம்தான் என்னை உறுத்துகிறது. நீ இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் முப்பது மீட்டர் போனால், போகவர அறுபது மீட்டர் செம்பு. அதன் மின்தடை ஏறத்தாழ 0.45 ஓம். நான்கு பாக்ஸ் தொங்கும் அந்த வரிசையில், கிடைத்திருக்க வேண்டிய சக்தியில் மூன்றில் ஒரு பங்கு பாக்ஸுக்குப் போய்ச் சேராது. இரண்டு பாக்ஸாகப் பிரித்து 4 ஓமில் ஓட்டினால் இழப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். ஆம்ப் ரேக்கைப் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்தால் இந்தப் பேச்சே எழாது. பெண்டு எடுக்கும் எடை இல்லாத கிளாஸ் டி ஆம்ப் வந்த பிறகும் ரேக்கை மிக்சருக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு காவல் காப்பது என்ன பக்தியோ, தெரியவில்லை.

"சின்ன ஆம்ப் போட்டால் பாக்ஸ் எரியாது" என்று வாத்தியார் சொல்வது உனக்கு இன்னும் வேதவாக்காக இருக்கும். சின்ன ஆம்பை எல்லை தாண்டி அழுத்தும்போது அலையின் உச்சி வெட்டுப்பட்டு, அதன் சராசரிச் சக்தி ஏறுகிறது. உச்சி நிற்கும் இடத்தில் நிற்க, மெல்லிய ஒலிகளெல்லாம் மேலே எழுந்து வருகின்றன; டாப் பாக்ஸுக்குள் ஒலி எழுப்பும் டிரைவர் முதலில் கருகுவது அதனால்தான். உச்சி வெட்டுப்படுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னினால் பரவாயில்லை, அணையாமல் எரிந்தால் யாரோ ஒருவரின் ஸ்பீக்கர் காயிலுக்குக் காரியம் நடக்கிறது என்று பொருள்.

ஆம்பின் குமிழைப் பாதியில் நிறுத்தி அதன்மேல் டேப் ஒட்டும் உன் வித்தை இன்னும் தொடர்கிறதா? அந்தக் குமிழ் ஆம்பின் சக்தியைக் கட்டுப்படுத்துவதில்லை, உள்ளே வரும் சிக்னலை மட்டுமே குறைக்கிறது. 32 டெசிபெல் கெயின் (உள்ளே வருவதைப் பெருக்கும் அளவு) உள்ள ஆம்பில் 69 வோல்ட் வருவதற்கு 1.73 வோல்ட் உள்ளே போனால் போதும். பெரும்பாலான மிக்சர்கள் அதைவிடப் பல மடங்கு தரக்கூடியவை. நீ டேப் ஒட்டிய இடத்தை மிக்சரில் நிற்கும் பையன் ஒரு விரலால் ஈடுகட்டிவிடுவான்.

பாதுகாப்பு, ஆம்புக்கு முன்னால் நின்று சிக்னலை ஓர் எல்லைக்கு மேல் போகவிடாத லிமிட்டரில்தான் இருக்கிறது. பாக்ஸ் ஒயர்களைக் கழற்றிவிட்டு, 60 ஹெர்ட்ஸ் சைன் அலையைச் செலுத்தி, ஆம்பின் வெளியீட்டில் மல்டிமீட்டரை வை. எவ்வளவு ஏற்றினாலும் மீட்டர் 69ஐத் தாண்டாத இடத்தில் சராசரியைப் பிடிக்கும் ஆர்எம்எஸ் லிமிட்டரை நிறுத்து; உச்சியைப் பிடிக்கும் பீக் லிமிட்டரைத் தனியே, அதற்கு மேலே வை. அதோடு 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடு. உன் பாக்ஸில் அங்கே ஒலி வராது, ஸ்பீக்கர் கோன் மட்டும் கிழிந்துபோகுமளவு ஆடும். பிறகு ஆம்பை மாற்றினால் கெயினைப் பார்க்காமல் பழைய லிமிட்டர் எண்ணை நம்பிவிடாதே. 32 இருந்த இடத்தில் 38 வந்தால் உன் 69 வோல்ட் 138 ஆகிவிடும்.

ஜெனரேட்டரை மறந்துவிடாதே. மும்முனை ஜெனரேட்டரில் நியூட்ரல் (பொது ஒயர்) கழன்றால் 230 இருக்க வேண்டிய பிளக்கில் 400 வோல்ட்டை நெருங்கலாம். ஆம்ப், மிக்சர், பந்தல் சீரியல் விளக்கு எல்லாம் ஒரே நொடியில் போகும். முனைகளை நீயே இறுக்கி, மீட்டரில் பார்த்த பிறகே ரேக்குக்குக் கொடு. எலக்ட்ரீஷியன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். பந்தலில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே பணத்தில் நான்கு பேஸ் பாக்ஸ் கூடுதலாக வாங்கி நெருக்கி அடுக்கினால் உன் ஊர் மைதானம் தானே சொல்லும். காயில் சூடேறினால் அதன் தடையும் ஏறி ஒலி தளர்ந்துவிடும் என்பதால், இரவு இரண்டு மணி வில்லுப்பாட்டுக்கு எட்டு பாக்ஸை வதைப்பதைவிடப் பன்னிரண்டை இளைப்பாறவிட்டு ஓட்டுவதே மேல் என்பது என் கட்சி.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு எண்களை மட்டும் வாங்கி எனக்கு எழுது: நான்கு சேனலும் ஒன்றாக ஓடும்போது 4 ஓமில் எவ்வளவு, கெயின் எத்தனை டெசிபெல். இரண்டையும் சொல்லத் தெரியாத கடை என்றால் நெட்டையை அனுப்பிவை. அவன் பேச ஆரம்பித்தால் அவர்களே விலையைக் குறைத்து வழியனுப்பிவிடுவார்கள்.

உன்,
மச்சான்