அப்பா "ஹரி, ஹரி" என்று சொன்ன மரண சாசனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தேயிலைத் தோட்டத்து மக்களுக்குக் காணியும் அதன் உறுதிப் பத்திரமும் கொடுக்கும் படங்கள் பத்திரிகைகளில் வருகின்றன. சந்தோஷம்தான். லயக் காம்பிராவை, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டு அறையை, யாரும் யாருக்கும் எழுதி வைக்க முடியாது, அது குடியிருப்பவரின் சொத்து இல்லை. சொந்தக் காணி என்று ஒன்று வந்தால் அதன் பின்னாலேயே மரண சாசனமும் (உயில்) வரும், சண்டையும் வரும். அதனால் எங்கள் வீட்டு விசயத்தை எழுதுகிறேன்.

அப்பா தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசில் தலவாக்கலைக்குப் பக்கத்தில் 10 பேர்ச்சஸ் காணி வாங்கி வீடு கட்டினார். கூரைத் தகரம் மட்டும் என்னுடைய ஆசிரியச் சம்பளத்தில் வந்தது. அது இப்போது கணக்கில் இல்லை, விடுங்கள். அவருடைய கருமாதி முடிந்த மறுவாரம் அண்ணன் ஒரு கடதாசியைக் காட்டினார். ஆவணங்களை அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு முன்னால் எழுதிய மரண சாசனம். வீடும் காணியும் முழுக்க அண்ணனுக்கு. அம்மாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

நான் சட்டத்தரணியிடம் போய் "இது அநியாயம்" என்றுதான் ஆரம்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "டீச்சர், அநியாயம் என்பதற்காகக் கோர்ட் இதைத் தள்ளாது" என்றார். 1844ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் தன் சொத்தைப் பிள்ளைகளை விட்டுவிட்டு வழிப்போக்கனுக்குக்கூட எழுதலாமாம். மரண சாசனமே இல்லாவிட்டால் பாதி அம்மாவுக்கும், மீதிப் பாதி பிள்ளைகள் நாலு பேருக்கும் சமமாக வந்திருக்கும். கொட்டகலைச் சித்தப்பா தேசவழமை, சீதனம் என்று ஏதோ சொன்னார். அது யாழ்ப்பாணத்துச் சட்டம், மலையகத்தில் நமக்குப் பொருந்தாது. அப்புறம் சட்டத்தரணி கேட்ட ஒரே கேள்வி: "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியுமா?"

கடதாசி சிங்களத்தில் இருக்கிறது. அப்பாவுக்குத் தமிழ் எழுத்து முத்து முத்தாக வரும், சிங்களத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. பேச்சும் சந்தைச் சிங்களம்தான். பஸ் கண்டக்டரோ பொலிஸ்காரரோ எது சொன்னாலும் "ஹரி, ஹரி மாத்தயா" (சரி, சரி ஐயா) என்று தலையாட்டுவார். ஒருமுறை தபாற்கந்தோரில் அப்படியே தலையாட்டிவிட்டு வந்து, "அவன் என்னம்மா சொன்னான்?" என்று என்னைக் கேட்டார். கையெழுத்தைப் பார்த்தேன், அவருடையதுதான். கண்ணில் புரை விழுந்த பிறகு அவர் எழுத்து வரிக்கோட்டுக்குக் கீழே சரியும். இதிலும் சரிந்திருக்கிறது. அதற்குக் கீழே "வாசித்து விளக்கப்பட்டது" என்று நொத்தாரிசின் அத்தாட்சி. எந்த மொழியில் விளக்கினார்கள்? அது இல்லை. சாட்சிகள் இருவருக்கும் தமிழ் தெரியாது.

அண்ணன் ஏமாற்றினார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கடைசி மூன்று வருடம் அப்பாவைக் குளிப்பாட்டியது அவரும் அண்ணியும்தான். அப்பா மனதார அவருக்கே கொடுத்திருக்கவும் கூடும். ஆனால் அம்மாவை மறந்து ஒரு வரி எழுதக்கூடியவர் இல்லை அவர். அந்த ஒரு வரிக்காகத்தான் வழக்குப் பேசுகிறேன். மரண சாசனத்தைக் கொண்டு வருகிறவர்தான் அது செல்லும் என்று நிரூபிக்க வேண்டும் என்பது சட்டம். நிரூபிக்கட்டும்.

மரண சாசனத்தைச் சிங்களத்தில்தான் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் போதும். நொத்தாரிசு இல்லாவிட்டால், எழுதியவர் ஐந்து பேர் ஒன்றாக இருக்கும்போது கையெழுத்து வைத்து, அந்த ஐவரும் சாட்சியாகக் கையெழுத்திட்டால் சரி. ஒரு கொப்பித் தாளில் அப்பா தமிழில் நாலு வரி எழுதி, தெரிந்த ஐந்து பேரைக் கூப்பிட்டிருந்தால் இந்த வழக்கே இல்லை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் முப்பது வருடம் படித்துக் கொடுத்த பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

நீதி அமைச்சிடம் நான் கேட்பது ஒன்றுதான். கையெழுத்திடுபவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் ஆவணம் இருந்தால், எந்த மொழியில் விளக்கப்பட்டது, யார் மொழிபெயர்த்தார் என்பதை அத்தாட்சியில் கட்டாயம் எழுத வைக்க வேண்டும்.

வழக்கின் அடுத்த தவணை வரும் மாதம். அண்ணனும் நானும் ஒரே பஸ்ஸில்தான் போகிறோம். போன தடவை அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து அவரே டிக்கட் எடுத்தார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
தலவாக்கலை.