பிள்ளையின் அட்டவணை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதமும் பிள்ளையின் கட்டுரை வரைவும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ குறைந்திருக்கிறது, உன்னைக் கேட்டபடி இருக்கிறா. மாரி மழை ஓய்ந்து, திருநெல்வேலிச் சந்தைக்குப் பனங்கிழங்கு வரத் தொடங்கிவிட்டது.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். 2.3 ஆங்ஸ்ட்ரம் நுணுக்கமுள்ள தரவை வைத்து அந்த எஸ்டரேஸ் நொதியின் அணு மாதிரியைப் பிள்ளை பொறுமையாகக் கட்டியிருக்கிறாள். குறை இருப்பது மாதிரியின் தரத்தைக் காட்டும் அட்டவணையில்தான். அணுப் பிணைப்புகளின் நீளம் நியமத்திலிருந்து விலகுவது 0.008 ஆங்ஸ்ட்ரம், பிணைப்புக் கோணம் விலகுவது 1.1 பாகை, ஆகவே மாதிரி நம்பகமானது என்கிறாள். அந்த 'ஆகவே' செல்லாது மச்சான். எங், ஹூபர் இருவரும் 1991இல் சிறு மூலக்கூறுகளிலிருந்து தொகுத்தது போன்ற நியம அளவுகளை நோக்கித்தான், மாதிரியைச் செம்மையாக்கும் கணினி நிரல் அதை இழுக்கிறது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தோம் என்பதை மட்டுமே அந்த எண்கள் சொல்லும். ஒரு துண்டுச் சங்கிலியை ஓர் அமினோ அமிலம் தள்ளிக் கட்டியிருந்தாலும் அவை அழகாகவே இருக்கும்.

ராமச்சந்திரன் வரைபடம் அப்படியல்ல. 1963இல் சென்னையில் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் தந்தது. புரதச் சங்கிலியின் முறுக்குக் கோணங்களான ஃபை, சை எந்தப் பகுதியில் விழலாம், எதில் ஆகாது என்று காட்டுவது. இந்தக் கோணங்களை நிரல் வழக்கமாக இழுப்பதில்லை, அதனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. பிள்ளையோ அந்தக் கோணங்களுக்கும் கட்டுப்பாடு போட்டுச் செம்மையாக்கியிருக்கிறாள். வினாத்தாளை முதல் நாளே கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தது போலாகிவிட்டது. கட்டுப்பாடு போட்டதை எழுதவும் இல்லை.

என்னை உறுத்துவது இன்னொன்று. விலகிய எச்சங்கள், அதாவது வரைபடத்தின் ஆகாத பகுதியில் விழும் அமினோ அமிலங்கள், பூச்சியம் என்கிறாள். இந்தக் குடும்ப நொதிகளில் வினைபுரியும் செரீன் என்ற அமினோ அமிலம் ஒரு கூர்மையான திருப்பத்தில் இருக்கும். அதன் கோணங்கள் பெரும்பாலும் வரைபடத்தின் ஆகாத பகுதியில்தான் விழும். அது பிழையல்ல, அந்த நொதியின் இயல்பு. இங்கே செரீன் எங்கே போனது? கட்டுப்பாடு அதை இழுத்து உள்ளே போட்டிருக்கலாம். கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டச் சொல்லு. தரவிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான் அடர்த்தி அந்த இடத்தில் தெளிவாக இருந்தால், விலகிய எச்சத்தைச் சங்கிலி, இலக்கத்தோடு கட்டுரையில் துணிந்து எழுதட்டும்.

அப்புறம், வரைபடத்தின் ஏற்ற பகுதியில் விழும் எச்சங்களின் சதவீதத்தோடு, அதைக் கணித்த நிரலின் பெயரும் வேண்டும். புரோசெக்கில் 90ஐத் தாண்டினால் நல்லது, மொல்புரொபிட்டியில் 98 எதிர்பார்ப்பார்கள். இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல. அணுக்கள் மட்டுமீறி நெருங்கும் மோதல் ஆயிரம் அணுக்களுக்கு எத்தனை என்ற எண்ணும் விடுபட்டிருக்கிறது.

அடர்த்திக் கோப்பை அனுப்பு, செரீனை நானும் பார்க்கிறேன். பொங்கலுக்கு வருவதென்றால் முன்னமே சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்