பிரிட்டனில் வெளியானால்தான் நாவலா?

புக்கர் பரிசு அறக்கட்டளைக்கு,

வணக்கம். உங்கள் விதிகளில் ஒன்றே ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல். ஆங்கிலத்தில் எழுதினால் போதும், எந்த நாட்டவரும் போட்டியிடலாம் என்று 2014-இல் கதவைத் திறந்தீர்கள். ஆனால் நாவல் பிரிட்டனிலோ அயர்லாந்திலோ வெளியாகியிருக்க வேண்டும் என்பதை மட்டும் விடவில்லை. 2016, 2017 இரண்டு ஆண்டும் பரிசு அமெரிக்கர்களுக்குப் போனது. சரி, அதில் வருத்தமில்லை. டெல்லியிலோ கொழும்பிலோ மட்டும் வெளியாகும் நாவலுக்கு என்ன வழி?

இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலகவின் நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990-இன் கொழும்பில், செத்துப்போன புகைப்படக்காரன் ஒருவன் தன்னைக் கொன்றது யார் என்று தேடுகிற கதை. 2020-இலேயே 'சாட்ஸ் வித் த டெட்' என்ற பெயரில் இந்தியாவில் வந்துவிட்டது. பிரிட்டனில் பதிப்பாளர் லேசில் கிடைக்கவில்லை. கடைசியில் 'சார்ட் ஆஃப் புக்ஸ்' என்ற சின்னப் பதிப்பகம் எடுத்தது. இலங்கை அரசியல் தெரியாதவர்களுக்கும் புரியும்படி திருத்தி எழுதி, தலைப்பையும் மாற்றி, 2022-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு உங்கள் பரிசு! அந்தப் பதிப்பகமும் கைவிரித்திருந்தால்?

உங்கள் பரிசுக்கு முதலில் பணம் போட்ட புக்கர் மெக்கானல், தென் அமெரிக்க நாடான கயானாவின் கரும்பில் கொழுத்த பிரிட்டிஷ் கம்பெனி. 1972-இல் பரிசு வென்ற ஜான் பெர்ஜர் விழா மேடையிலேயே இதைச் சொல்லிக் காட்டி, 5,000 பவுண்டில் பாதியை கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிரிட்டனின் பிளாக் பாந்தர் இயக்கத்துக்குக் கொடுத்தார். கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையில் கப்பலேறியவர்களும் உண்டு. பணம் எங்கிருந்து வந்தாலும் சரி, புத்தகம் மட்டும் பிரிட்டன் வழியாகத்தான் வர வேண்டுமா?

விதியை மாற்றுவது உங்களுக்குப் புதிதல்ல. முந்தைய ஆண்டு நாவலுக்குப் பரிசு என்றிருந்ததை அதே ஆண்டு நாவலுக்கு என்று 1971-இல் மாற்றியதில், 1970-இன் நாவல்கள் பல போட்டிக்கே வராமல் போயின. 2010-இல் அப்படி விடுபட்டவற்றுக்கென்றே தனிப் பரிசு வைத்து, இறந்து 30 ஆண்டுகளுக்கு மேலான எழுத்தாளர் ஜே. ஜி. ஃபாரலுக்குக் கொடுத்தீர்கள். பரிசைப் பிரிக்கக் கூடாது என்ற விதியை 2019-இல் நடுவர்களே மீறினார்கள். வானம் இடிந்து விழவில்லையே.

முதல் சுற்றில் தேர்வாகும் நாவல்களின் நெடும்பட்டியலை எட்டிப் பார்க்காத பிரிட்டிஷ் பதிப்பகத்துக்கும் ஒரு நாவல் அனுப்ப இடம் தருகிறீர்கள். அந்த ஓர் இடத்தை டெல்லிக்கும் கொழும்புக்கும் நைரோபிக்கும் தாருங்கள். படிக்க வேண்டியது கூடிவிடும் என்பீர்கள். நடுவர்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்