மூட்டுத் துளிர்

நாங்குநேரி,
ஆவணி மாதம்

அன்புள்ள சுடலைமுத்து,

பேத்தி பள்ளிக்கூடத்தில், சிம்பன்ஸிகளை ஆராய்ந்த ஜேன் குடாலைப் பற்றிப் பேசப்போகிறாள், நம்பிக்கை என்று தலைப்பு, என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தீர். கடிதத்தின் கடைசியில் ஓடைக்கரைத் தரிசை என்ன செய்ய என்றும் ஒரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில்தான்வே.

1960-ல், 26 வயதில் இன்றைய தான்சானியாவிலுள்ள கோம்பே காட்டுக்குப் போனது, சிம்பன்ஸி புல்தண்டைப் புற்றுக்குள் விட்டுக் கறையான் தின்றதைக் கண்டது, இதையெல்லாம் எல்லாப் பிள்ளைகளும் சொல்லும். பேத்தி அதற்குப் பிந்தியதைச் சொல்லட்டும். 1990 வாக்கில் விமானத்திலிருந்து பார்த்தால் கோம்பே பூங்காவுக்குள் மட்டும் காடு, சுற்றிலும் குன்றெல்லாம் மொட்டை. ஊர்க்காரர் வயிறு காய்ந்தால் குரங்கு பிழைக்காது என்று 1994-ல் டேக்கேர் (TACARE) திட்டத்தைத் தொடங்கினார்கள். முதலில் கேட்டதே, உங்களுக்கு என்ன வேண்டும் என்றுதான். மரம் திரும்பியதில் நட்ட கன்றுக்கு மட்டுமல்ல, துளிர்த்த மூடுகளை, அதாவது வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகளை, மறுபடி வெட்டாமல் விட்டதற்கும் பங்குண்டு.

உம் தரிசிலும் கன்று வாங்குவதற்கு முன்னால், ஒரு மழை பெய்ததும் நடந்து பாரும். வேம்பு, புங்கு, உசிலை, மஞ்சணத்தி மூட்டில் உயிர் இருந்தால் துளிர்த்திருக்கும். இடுப்பளவு வந்ததும், மண்ணை ஒட்டிக் கிளம்பிய தடித்த துளிர் இரண்டு மூன்றை விட்டுவிட்டு மற்றதைச் சாய்வாக அறுத்துவிடும். கட்டையின் உச்சியில் வந்தது வேண்டாம். கட்டை அழுகினால் காற்றில் பிய்ந்துவிடும். எல்லாவற்றையும் விட்டால் புதர், ஒன்றே ஒன்றை விட்டால் ஒரு ஆடு போதும். ஆட்டு வாய்க்கு எட்டாத உயரம் போகும்வரை உடைமுள் போட்டு வையும். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் தண்ணீர்ச் செலவு கிடையாது.

சீமைக் கருவேலத்துக்கும் இதே குணம், அதுதான் தொல்லை. தரையோடு வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாய் வரும். வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி எடுக்கணும். ஆனால் ஐப்பசி மழைக்கு முன்னால் கரையில் கைவைக்காதீர், அரித்துக்கொண்டு போகும். தை பிறக்கட்டும், ஈரம் காய்வதற்குள் எடும்.

பனைக்கு மட்டும் இந்த வழி ஆகாது. கொண்டை போனால் மரம் போச்சு, விதைதான் கதி. இப்போது விழுகிற பழத்தைக் குவித்துவையும். சதை அழுகிக் கொட்டை பிரிந்ததும், 10 அடிக்கு ஒன்றாய், ஒரு சாண் ஆழத்தில் போடும். பையில் வளர்க்க வேண்டாம். முளை முதலில் கீழேதான் இறங்கும், பெயர்த்து நடும்போது ஒடியும். முழத்துக்கொன்றாய் நெருக்கி நட்டுப் போட்டோ எடுக்கிறவர்களுக்குப் பொங்கலுக்குக் கிழங்குதான் மிச்சம். (அதுவும் மோசமில்லை.)

குடால் 1991-ல் தார் எஸ் சலாமில் 12 மாணவர்களோடுதான் ரூட்ஸ் அண்ட் ஷூட்ஸ் என்ற இளையோர் இயக்கத்தைத் தொடங்கினார். 2025 அக்டோபர் 1-ல், 91 வயதில் காலமானதும் பேச்சுப் பயணத்தின் நடுவில்தான். பேத்தியின் வகுப்புக்கும் தரிசில் ஆளுக்கொரு மூடு என்று பிரித்துக் கொடுக்கலாம்வே. மாதம் ஒருமுறை துளிரின் உயரத்தை அளந்து நோட்டில் எழுதட்டும். தையல் டேப் போதும். ஆடு கடித்த மாதத்தில் அளவு குறையும், அதையும் அடிக்காமல் எழுதச் சொல்லும்.

அன்புடன்,
கணபதி